இல்லாத கிளட்ச்

கேக் போனதற்கு என் இடது கால்தான் காரணம்.

பெல்லந்தூர் சிக்னல். மாலை ஆறே முக்கால்.
முன்னால் போன ஆட்டோ திடுமென்று நிற்க
கால் தன் பழக்கத்தில் எழும்பி
கிளட்சை மிதித்தது.
அந்த வண்டியில் கிளட்ச் இல்லை.
இருந்தது அகலமான பிரேக்.
கிளட்சுக்கான பலத்தைப் பிரேக்கில் காட்டினால்
வண்டி சாமி கும்பிடும்.
கும்பிட்டது.
காமத் சாரின் மகள் மடியிலிருந்த டப்பா
என் சீட்டின் முதுகில் மோதி
சிஞ்சனா என்று எழுதிய க்ரீமில்
மிஞ்சியது 'சி' மட்டும்.

காலின்மேல் எனக்குக் கோபமில்லை.
காலை ஏழிலிருந்து அது உழைத்தது
பசவனகுடி டாக்டரம்மாவின் பழைய மாருதியில்.
கியர் குமிழில் எண்கள் தேய்ந்து
வழுக்கை விழுந்திருக்கும்.
ஒன்றாவதைத் தேடவேண்டாம், கை தானே போகும்.
கிளட்சை விட விட ஓரிடத்தில்
பாதத்தின் அடியில் ஒரு நடுக்கம் வரும்,
பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி.
அங்கேயே பிடித்து வைத்தால்
டெய்ரி சர்க்கிள் ஏற்றத்தில் பிரேக் இல்லாமல் நிற்கலாம்.
நிற்கக் கூடாது, தட்டு தேயும்.
நிற்போம்.
ஆப்பில் 'பிலோமினா' என்று பார்த்துவிட்டு
"மேனுவல் வருமா?" என்று போனில் கேட்கிறவர்கள்
அந்த நடுக்கத்தை அறியமாட்டார்கள்.
சில்க் போர்டு வரை எண்ணினேன்:
நூற்றுப் பதினேழு மிதி.
அதற்கப்புறம் முட்டி எண்ணத் தொடங்கியது.

மதியம் கோரமங்களா. இரட்டை கிளட்ச்.
புதிதாய்க் கல்யாணமானவர்கள், விமானத்துக்கு அவசரம்.
ஒன்று மூன்று ஐந்து ஒரு கிளட்சின் பொறுப்பு,
இரண்டு நாலு ஆறு மற்றதன் பொறுப்பு.
இரண்டில் ஓடும்போதே மூன்று
செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்.
திறந்த ரோட்டில் அது மாறுவதே தெரியாது.
ஊர்கிற நெரிசலில்தான் பைத்தியம் பிடிக்கும்:
ஓடுவேன் என்று மூன்றை எடுத்து வைக்கும், நிற்பேன்.
நிற்பேன் என்று ஒன்றை எடுத்து வைக்கும்,
ஒரு சந்து கிடைத்து நுழைவேன்.
பின்சீட்டிலும் அப்படித்தான் நடந்தது.
அவன் கேட்காத கேள்விக்கு அவள் பதில் சொன்னாள்.
அவள் சொல்லாத குறைக்கு
அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.
ஹெப்பாளுக்கு முன்னால் சிவப்பு விளக்கு:
பெட்டி சூடு, ஓரங்கட்டவும்.
பதினெட்டு நிமிடம் நின்றோம், கருகின வாசனையோடு.
"வாரண்டி இருக்குல்ல?" என்றான், யாரிடமென்றில்லாமல்.
அவள் கண்ணாடியை இறக்கி
வெளியே பார்த்தாள்.

காமத் சாருடையது ஆட்டோமேடிக், எண்ணெய்க் காரியம்.
எதிரெதிரே இரண்டு விசிறி, நடுவே எண்ணெய்.
ஒன்று கிளப்பும் சுழலில் மற்றது சுழலும்.
தொட்டுக்கொள்ளாது.
வேகம் வந்த பிறகுதான் பூட்டிக்கொள்ளும்,
பெல்லந்தூரில் வேகம் வருவதில்லை.
பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும்,
கூப்பிடாமலே நகரும்.
விருந்துக்குப் போன வீட்டில்
பாத்திரம் கழுவ விடாத மாதிரி
இடது கால் ஓரமாய் உட்கார்ந்திருக்கும்.
அரைமணியில் கண் அசரும்.
அசந்த நேரத்தில்தான் அந்த ஆட்டோ.

காமத் சார் ஒன்றும் சொல்லவில்லை,
அதுதான் பயமாயிருந்தது.
சிஞ்சனா சீட்டின் முதுகிலிருந்த க்ரீமை
விரலால் வழித்துத் தின்றாள்.
"ஆன்ட்டி, இன்னொரு தடவை பண்ணுங்க"
என்று கன்னடத்தில் கேட்டாள்.
நாலு நட்சத்திரம் விழுந்தது.
ஒன்று கேக்குக்குப் போயிருக்கும்.

மாரத்தஹள்ளியில் கரன்ட் பஸ் வந்தது.
கியரே இல்லையாம். நிற்கவும் இடமில்லை, விட்டுவிட்டேன்.
பின்னால் வந்த பழைய பஸ்ஸில்
டிரைவருக்குப் பக்கத்து சீட்.
ஒன்று விழவில்லை அவருக்கு.
தள்ளினார், பல்லை நறநறத்தது, மறுபடி தள்ளினார்.
கீழே பார்த்தேன்.
என் இடது கால் தகரத் தரையை
அடிவரை மிதித்துப் பிடித்திருந்தது.
அவர் கியர் பெட்டியின் தாயாரைக் கன்னடத்தில் விசாரித்துவிட்டு
ரெண்டாவதிலேயே எடுத்தார்.